ஏழாம் எண் குழாய்

ஏழாம் எண் குழாய் யாருடைய ரத்தம் என்று அந்த ஆய்வகத்தில் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதான் பெயரை மறைத்து எண் ஒட்டியிருந்தார்கள். ஆனால் அந்த எண்ணுக்கான கோடு திரையில் எழும்பிய விதத்தைப் பார்த்ததும் தியெம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கான் தோ நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பின்கட்டில் இருந்தது அந்த ஆய்வகம். ஒரு பி.சி.ஆர். எந்திரம், இரண்டு குளிர்பெட்டிகள், சாத்தவே முடியாத ஒரு ஜன்னல். ஜன்னல் வழியே ஹாவ் ஆற்றுப் படகுகளின் சத்தம் நாள் முழுக்க உள்ளே வரும். ஹெபடைடிஸ் பி கிருமி ஒருவருடைய ஈரலைக் கெடுக்கத் தொடங்கிவிட்டதா என்பதை, வழக்கமான ரத்தப் பரிசோதனைகள் வாய் திறப்பதற்கு முன்பே கண்டுபிடித்துவிட முடியுமா என்பதுதான் தியெம்மின் ஆராய்ச்சி. ஈரலின் செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று பொடிப்பொடியான துணுக்குகள் உண்டு. அவற்றில் நூற்று இருபத்திரண்டாம் எண்ணுக்காரர் பெரும்பாலும் ஈரலைத் தாண்டாத வீட்டுப் பிள்ளை. அவர் ரத்தத்தில் கூட்டம் கூட்டமாக அலைந்தால் வீட்டுச் சுவர் எங்கோ இடிந்திருக்கிறது என்று அர்த்தம். விஷயம் இவ்வளவுதான். இதைச் சொல்ல அவளுக்கு நாற்பது பக்கம் தேவைப்பட்டது, ஆராய்ச்சிக்காரர்கள் அப்படித்தான்.

ஈரல் கெட்டவர்களின் கோடு திரையில் சீக்கிரமே எழும்பிவிடும். நன்றாக இருப்பவர்களின் கோடு சோம்பேறித்தனமாகப் பின்னால் வரும். ஏழாம் எண் நன்றாக இருப்பவர்களின் வரிசை. அது நோயாளிகளோடு தோள் உரசிக்கொண்டு எழும்பி நின்றது.

"எந்திரத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்றாள் லோவான். அவள் அந்த ஆய்வகத்தில் மூத்தவள், எதற்கும் முதலில் எந்திரத்தைத் திட்டுவாள்.

மறுபடியும் ஓட்டினார்கள். எந்திரத்துக்குக் கிறுக்கு இல்லை. ஏழாம் எண் அதே இடத்தில் அதே மாதிரி எழும்பியது.

சிக்கல் என்னவென்றால், அந்த ஆரோக்கியமான கூட்டத்தில் வெளியாட்கள் மிகக் குறைவு. நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குத் தாங்களாக வருவார்கள், நோய் இல்லாதவன் ஊசி குத்திக்கொள்ள எதற்கு வரப்போகிறான்? எனவே ஆள் பற்றாதபோதெல்லாம் ஆய்வகத்துக்காரர்களே சட்டைக்கையை மடித்துவிட்டு நீட்டுவது வழக்கம். லோவான் கொடுத்திருந்தாள், தியெம் கொடுத்திருந்தாள், குளிர்பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பாவோ கொடுத்திருந்தான். பாவோ சாயந்தரமானால் ஐஸ் போட்ட பீரைத் தவிர வேறு நீராகாரம் தெரியாதவன்.

"என்னை ஏன் எல்லாரும் பாக்குறீங்க?" என்றான் பாவோ.

"உன்னை யாருப்பா பாத்தா? உன் வயித்தைத்தான் பாக்குறோம்" என்றாள் லோவான்.

"அக்கா, நேத்து நான் ரெண்டே ரெண்டு டின்தான்."

"நேத்தைக் கேக்கல. பொறந்ததுலேர்ந்து கேக்குறோம்."

சிரித்தார்கள். ஆனால் அன்று மத்தியானம் யாருக்கும் சோறு சரியாக இறங்கவில்லை. ஒவ்வொருவரும் கண்ணாடி முன் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று கண்ணின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டார்கள். பாவோ அன்றைக்குப் பீர்க்கடைப் பக்கமே போகவில்லை, அது அந்தத் தெருவில் பெரிய செய்தி.

கடைசியில் தியெம்தான் சொன்னாள். "எல்லாரும் மறுபடி கையை நீட்டுங்க. இந்தத் தடவை பேரோட."

மறுநாள் பேரோடு ஓட்டினார்கள். பாவோவின் கோடு படுத்த படுக்கையாகக் கிடந்தது. குழந்தையின் ஈரல் கூட அவ்வளவு சுத்தமாக இருக்காது. "பாத்தீங்களா! பாத்தீங்களா!" என்று அவன் குதித்தான். அப்புறம் எழும்பிய கோட்டின் பேரைப் படித்துவிட்டுக் குதிப்பதை நிறுத்தினான்.

தியெம்.

அவளுக்கு முதலில் எதுவுமே தோன்றவில்லை. பிறகு ஒரே ஒரு எண்ணம் வந்தது: லாம்.

லாம் அவளுடைய தம்பி. அவனுடைய ஈரல் சுருங்கி முடிச்சு முடிச்சாகிவிட்டது, அதில் ஒரு சின்னக் கட்டியும் வந்துவிட்டது. வேறு ஈரல் வைத்தால்தான் பிழைப்பான் என்று சைகோன் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லை. அம்மாவின் உடம்பிலேயே அந்தக் கிருமி உண்டு, பிரசவத்தின்போது அம்மாவிடமிருந்துதான் அது லாமுக்கு வந்தது. பிறந்த கையோடு போடுகிற தடுப்பூசி அந்தக் காலத்தில் அவர்கள் ஊருக்கு வந்திருக்கவில்லை. அதே அம்மாவின் வயிற்றில் பிறந்த தியெம் எப்படித் தப்பித்தாள் என்பது எந்த டாக்டருக்கும் புரியாத விஷயம். ஆக, பொருந்துகிற ரத்தமும் ஆரோக்கியமான ஈரலும் உள்ள ஒரே ஆள் அக்காதான். எல்லாப் பரிசோதனையிலும் தேறிவிட்டாள். அடுத்த மாதம் அவளுடைய ஈரலில் பாதிக்கு மேல் வெட்டித் தம்பிக்கு வைப்பதாகத் தேதி குறித்தாகிவிட்டது.

அந்த ஈரலைப் பற்றித்தான் இந்தக் கோடு இப்படிச் சொல்கிறது.

தியெம் அவசர அவசரமாக மற்ற எல்லாவற்றையும் பார்த்தாள். ஈரலின் நிலையைச் சொல்லும் எஸ்.ஜி.பி.டி. அளவு சரியாக இருந்தது, ரத்தத்தில் கிருமி இல்லை, ஸ்கேனில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. உலகத்தில் உள்ள டாக்டர்கள் எல்லாரும் நம்புகிற பரிசோதனைகள் அவளை ஆரோக்கியசாலி என்றன. அவள் ஒருத்தி மட்டும் வருஷக்கணக்காகக் கட்டிக்கொண்டு அழுகிற பரிசோதனை, இல்லை என்றது. எதை நம்புவது?

"ரத்தம் எடுக்குறப்போ ஏதாவது ஆயிருக்கும்" என்றாள் லோவான், குரலில் தெம்பே இல்லாமல். அவளேதான் எடுத்திருந்தாள். லோவான் எடுத்தால் ஒரு ரத்த அணு கூட உடையாது என்பது ஊருக்கே தெரியும்.

"ரெண்டு தடவையுமா அக்கா?"

லோவான் பேச்சை மாற்றுவதற்காகத் தியெம்மின் தலையைத் தொட்டாள். "ஏன்டி, முன்னாடி இங்க ரெண்டு மூணு வெள்ளை இருக்குமே. யாருக்காக இந்தச் சாயம்?"

"சாயம் எல்லாம் போடல."

"பொய் சொல்லாத. நான் என்ன அவன் யாருன்னா கேட்டேன்?"

தியெம்முக்குச் சிரிக்க முடியவில்லை. அவள் மனசு முழுக்க வேறு ஒரு பயம் உட்கார்ந்திருந்தது. சிலருடைய ரத்தத்தில் கிருமி இருக்காது, ஆனால் ஈரலுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டிருக்கும். அம்மாவிடமிருந்து தம்பிக்கு வந்தது தனக்கும் வந்து இத்தனை வருஷமாகப் பதுங்கி இருக்கிறதோ? தப்பித்தேன் என்று நினைத்ததே பொய்யோ? சின்ன வயதிலிருந்து லாமின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு குற்ற உணர்ச்சி உண்டு. அவன் மாட்டிக்கொண்டான், நான் தப்பித்தேன் என்று. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அந்தக் குற்ற உணர்ச்சியே பரவாயில்லை என்று இப்போது தோன்றியது.

இதை டாக்டரிடம் சொல்வதா வேண்டாமா என்று அவளுக்கு விளங்கவில்லை. சொன்னால் தேதி தள்ளிப்போகும், லாமுக்குத் தள்ளிப்போட நாள் இல்லை. சொல்லாவிட்டால் கெட்டுப்போன ஈரலை வெட்டித் தம்பிக்கும் வைத்து, மிச்சத்தை வைத்துத் தானும் பிழைக்க வேண்டும். இரண்டு பேரும் போனால் அம்மா? காலையில் சொல்லிவிடலாம் என்று எழுவாள். ஆற்றுப்படகுத்துறை வருவதற்குள் வேண்டாம் என்று ஆகிவிடும். மோட்டார் சைக்கிளை நிறுத்தும்போது மறுபடி சொல்லிவிடலாம் என்று ஆகும். அவள் எழுதிய கட்டுரையின் கடைசி வரி அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டியது: இந்தக் குறியீடு, பிற பரிசோதனைகளைவிட முன்னதாகவே ஈரலின் சேதத்தைக் காட்டுகிறது. அடுத்தவன் ஈரல் என்றால் எவ்வளவு திடமாக எழுத வருகிறது!

கடைசியில் போன் செய்தாள். சைகோன் டாக்டர் ட்ரொங் பொறுமையாகக் கேட்டார்.

"எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு?"

"நார்மல்தான் டாக்டர்."

"ஸ்கேன்?"

"நார்மல்."

"அப்ப எனக்கு நீங்க நார்மல்தாம்மா. இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை வெச்சு ஒரு ஆளை வேண்டாம்னு சொல்லணும்னு எங்கேயும் விதி இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஆராய்ச்சிய நீங்களே நம்புறீங்களா?"

அவள் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

"நம்புறீங்கன்னா உங்களை அறுக்க எனக்குப் பயமா இருக்கு. நம்பலைன்னா எதுக்கு எனக்குப் போன் பண்ணீங்க?" என்றார் அவர். கேலி இல்லை, அவருக்கும் குழப்பம்தான். "தேதிய அப்படியே வெச்சிருக்கேன். அதுக்குள்ள இன்னொரு தடவை பாத்துட்டு சொல்லுங்க. உங்க தம்பிக்கு இதுக்கு மேல நாள் கடத்த முடியாது."

வீட்டுக்குப் போனபோது லாம் மாடி முகப்பில், குட்டி ஆரஞ்சுச் செடித் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். வயிறு மட்டும் உப்பி, கை கால் சூம்பி, முகம் மஞ்சள் பூத்திருந்தது. அம்மா சமையலறையில் இருந்தாள். கடைத்தெருவில் ஹூ தியு நூடுல்ஸ் வியாபாரம் முடித்து வந்தால் அம்மாவுக்கு உட்காரத் தெரியாது. அறுபதைத் தாண்டியவள், தலையில் ஒரு வெள்ளை முடி கிடையாது. அதில் அவளுக்குக் கர்வமும் உண்டு.

"வந்துட்டியா? தண்ணி ஆறிக்கிட்டு இருக்கு, எடுத்துக் குடி. லாமுக்குக் குடுத்தாச்சு" என்றாள் அம்மா, முழங்கையைப் பரபரவென்று சொறிந்துகொண்டே. "இந்த வருஷம் கொசு கொன்னு போடுது."

தண்ணீர் என்றால் வெறும் தண்ணீர் இல்லை. சந்தைப் படகில் வாங்கிய தழைகளைப் போட்டு அம்மா தினமும் ஒரு பானை கொதிக்க வைப்பாள். ஈரல் சூட்டைத் தணிக்கிற தண்ணீர். அந்த ஊரில் முகத்தில் பரு வந்தாலும், வாயில் புண் வந்தாலும், கோபம் வந்தாலும் ஈரலுக்குச் சூடு என்பார்கள், வீட்டுக்கு வீடு ஒரு பானை கொதிக்கும். கிருமி தன்னிடமிருந்துதான் மகனுக்குப் போனது என்று டாக்டர் சொன்ன அன்று அம்மா பாத்திரம் கழுவப் போய்விட்டாள். மறுநாளிலிருந்து பானை பெரிதாகிவிட்டது. ஆபரேஷன் தேதி குறித்த பிறகு இரண்டு பிள்ளைகளுக்கும் பெரிய டம்ளர். வெட்டுவதற்கு முன் ஈரல் குளிர்ந்து இருக்க வேண்டுமாம்.

தியெம் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு மாடி முகப்புக்குப் போனாள். லாம் தன் டம்ளரைச் சாவகாசமாகச் செடித் தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தான்.

"டேய்!"

"உஷ். கத்தாத."

"எத்தனை நாளா இது?"

"எப்பவுமே இப்படித்தான். வாயில வெக்க முடியுதா அந்தக் கசப்பை?" அவன் அக்காவின் டம்ளரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா, நீ நெஜமாவே குடிக்கிறியா?"

அவள் வாய்வரை கொண்டுபோன டம்ளர் அப்படியே நின்றது.

நிஜமாகவே குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக, ஒரு நாள் தவறாமல், மூக்கைப் பிடித்துக்கொண்டு. அம்மா மனசு நோகக் கூடாது என்று.

சைகோனில் பரிசோதனைக்குப் போனபோது, மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். இல்லை என்று சொல்லியிருந்தாள். பொய் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. மருந்து என்றால் மாத்திரை, ஊசி. அம்மா கொடுப்பது தண்ணீர். அவள் படித்த படிப்பெல்லாம் அந்தக் கேள்வி வந்தபோது எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. அதே கேள்வியை அவளே தன் நோயாளிகள் அத்தனை பேரிடமும் கேட்டிருக்கிறாள். அத்தனை பேரும் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அம்மா மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்துப் பானையின் மூடியைத் திறந்தாள். கீழாநெல்லி தெரிந்தது, அதைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தூதுவளைச் சாதியில் ஒரு முள்கொடி, அதுவும் தெரிந்தது. அடியில் வட்ட வட்டமாக நறுக்கிய ஒரு கறுப்பு வேர் கிடந்தது. அதை எடுத்து முகர்ந்தாள். ஹா தூ ஓ. முடி கறுக்கவும் முடி கொட்டாமல் இருக்கவும் பெண்கள் வாங்குகிற வேர். அது சிலருடைய ஈரலைக் கெடுத்த செய்திகளை அவளே மருத்துவ இதழ்களில் படித்திருக்கிறாள், மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறாள்.

லோவான் சொன்ன சாயம் இதுதானா?

ஆனால் இதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வேரா, கிருமியா, சந்தைக்காரன் கலந்த வேறு ஏதாவதா? ஒரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று மற்றவர்களுக்குச் சொல்கிறவள் அவள். அந்த ஒரே ஆள் அவளே என்றால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

"நிறுத்திப் பாரு, தெரிஞ்சிரும்" என்று சிரித்தான் லாம், அவள் போய்ச் சொன்னதும். ஆராய்ச்சி படிக்காதவனுக்கு எல்லாம் சுலபம்.

"அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

லாம் சிரிப்பதை நிறுத்தினான். ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு நோயைக் கொடுத்துவிட்டேன் என்று தினம் தினம் சாகிறவளிடம், இன்னொரு பிள்ளையின் ஈரலையும் நீதான் கெடுத்தாய் என்று எந்த வாயால் சொல்வது? இரண்டு பேருக்கும் அது ஆகவில்லை.

"தொட்டி இருக்குல்ல. அதுக்கு ரெண்டு டம்ளரா ஊத்துவோம்" என்றான் லாம்.

"செடி செத்துரும்டா."

"இது வரைக்கும் என் டம்ளரைக் குடிச்சு எப்படிக் காய்ச்சிருக்கு பாரு. அதோட ஈரல் குளுகுளுன்னு இருக்கு."

அப்படித்தான் செய்தார்கள். செடிக்குக் கூட ஒரு அளவு உண்டு என்பதால் இரண்டாம் நாளிலேயே தியெம் அம்மாவிடம், "எனக்கு அரை டம்ளர் போதும்மா, ராத்திரி தூக்கம் கெடுது" என்றாள். லாமும் அதையே சொன்னான். அம்மா முனகிக்கொண்டே அரை டம்ளர் கொடுத்தாள். நல்லவேளை, சண்டை இல்லை என்று இருவரும் மூச்சுவிட்டார்கள்.

ஆய்வகத்தில் லோவானிடம் மட்டும் சொன்னாள். லோவான் தன் மேஜைமேல் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தாள். அதிலும் தழைத் தண்ணீர்தான்.

"அப்ப நம்ம நோயாளிங்க?" என்றாள்.

"எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும் அக்கா. மருந்து சாப்பிடுறீங்களான்னு கேக்கக் கூடாது. வீட்டுல என்ன தண்ணி குடிக்கிறீங்கன்னு கேக்கணும்."

"முழுக்க முதல்லேர்ந்தா?"

"முதல்லேர்ந்துதான்."

லோவான் பிளாஸ்க்கை எடுத்துக் கைகழுவும் தொட்டியில் கவிழ்த்தாள். எந்திரத்தை ஒரு முறை திட்டினாள். எந்திரம் ஒரு பாவமும் அறியாதது.

அறுவைச் சிகிச்சைக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் தியெம் மறுபடி கையை நீட்டினாள். எந்திரம் ஓடி முடியும்வரை திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பாவோதான் பார்த்துச் சொன்னான். "அக்கா, படுத்திருச்சு! என் அளவுக்கு இல்ல, ஆனா படுத்திருச்சு." கோடு ஆரோக்கியமானவர்களின் கூட்டத்துக்குப் பின்வரிசையில் போய் நின்றிருந்தது. தியெம் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள், ஆனால் அதுவும் அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

தண்ணீர் விஷயம் வரை எல்லாவற்றையும் போனில் கேட்டுக்கொண்ட டாக்டர் ட்ரொங், "அப்ப கிளம்பி வாங்க" என்றார். "வந்து சேர்ந்ததும் அந்தத் தண்ணி விஷயத்தை இங்க பதிவுல சொல்லிடணும், மயக்க மருந்து குடுக்குறவருக்குத் தெரியணும்."

அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் படுக்கை வைத்த பஸ்ஸில் சைகோனுக்குப் போனார்கள். பாலம் ஏறும்போது லாம் கீழே ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்தான். அம்மா பாதி வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மடியில் ஒரு பெரிய பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும் இடத்தில் ஒரு இளம் நர்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வரிசையாகக் கேட்டாள். பேர், வயசு, முன்னால் ஆபரேஷன் உண்டா, ஒவ்வாமை உண்டா.

"மருந்து ஏதாவது எடுத்துக்குறாங்களா?"

"ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அம்மா, இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து.

தியெம் குறுக்கிட்டாள். "அம்மா, நீ போய் அந்தப் பக்கம் கொஞ்சம் உக்காரேன்."

"ஏன்? நான் இருந்தா என்ன?"

அம்மா நகரவில்லை. நர்ஸின் விரல் விசைமேல் காத்திருந்தது. வேறு வழியில்லாமல் தியெம் சொன்னாள். மூன்று மாதம் குடித்தது, கறுப்பு வேர், ஈரல் கெட ஆரம்பித்தது, நிறுத்தியது, சரியானது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் நர்ஸிடமே எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா பிளாஸ்க்கை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"அந்த வேரை உனக்காகத்தான் போட்டேன்" என்றாள். "ஆபரேஷன் பண்ணா முடி கொட்டிருமேன்னு. கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணாச்சேன்னு." லாம் பக்கமும் திரும்பினாள். "ரெண்டு பேருக்கும் நான் குடுத்தது நோய்தானா?"

"எனக்குக் குடுத்ததை நான் குடிக்கவே இல்லம்மா" என்றான் லாம் அவசரமாக.

"குடிக்கலையா? பின்ன யாரு குடிச்சா?"

"செடி."

அம்மா அவனை வெறித்துப் பார்த்தாள். கன்னத்தில் கண்ணீர் ஓடும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவி! அவ்வளவு நல்ல சரக்கை!"

"அம்மா, நான் நாளைக்கு இவனுக்குக் குடுக்கப் போறேனே, அந்த ஈரல்" என்றாள் தியெம். "அதையும் நீதானேம்மா குடுத்தே." இதைச் சொல்லும்போது அவளும் அழுதாள், நர்ஸ் கூட மூக்கை உறிஞ்சினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

அம்மா முந்தானை இல்லாத சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தெம்பு வந்தவள் போல நர்ஸிடம் திரும்பி, "எழுதிக்கம்மா, ஒண்ணு விடாம சொல்றேன்" என்று தழை, கொடி, வேர் என்று எந்தப் படகில் வாங்கினாள், எத்தனை கைப்பிடி போட்டாள் என்பதுவரை சொன்னாள். சொல்லிக்கொண்டே முழங்கையைச் சொறிந்தாள். பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி அலுத்துக்கொண்டாள்.

"நல்ல ஆளுங்க நீங்க. எனக்கு அரை டம்ளர் போதும், உனக்கு அரை டம்ளர் போதும்னு ரெண்டு பேரும் மிச்சம் வெச்சீங்க. கீழ ஊத்த மனசு வருமா? எப்பவுமே பானையில மிச்சம் இருந்தா நான்தான் குடிப்பேன், இப்ப உங்க பங்கையும் சேத்து அடிமண்டி வரைக்கும் நான்ல தினம் குடிச்சேன்."

லாம் அக்காவைப் பார்த்தான். தியெம் அம்மாவின் தலையைப் பார்த்தாள். ஒரு வெள்ளை முடி கூட இல்லாத தலை. கொசு என்று சொன்ன சொறி. பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்ன வாந்தி. உடம்பில் கிருமி இருப்பதால் ஈரல் கொடுக்க ஆகாது என்று முதல் நாளே ஒதுக்கி வைத்தார்களே, அதற்கப்புறம் அம்மாவின் ரத்தத்தை யாருமே எடுத்துப் பார்க்கவில்லை.

"அம்மா, இங்க வா" என்றாள். தோளைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பி, கீழ் இமையை விரலால் இழுத்தாள்.

"என்னடி பண்ற, எல்லாரும் பாக்குறாங்க."

"ஆடாம நில்லு."

கண்ணின் வெள்ளை மஞ்சளாகத்தான் தெரிந்தது. ஜன்னல் திரைச்சீலையும் மஞ்சள் நிறம். திரையை ஒதுக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். அப்போதும் அப்படித்தான் இருந்தது போலத் தோன்றியது, இல்லாதது போலவும் தோன்றியது. எத்தனையோ நோயாளிகளின் கண்ணைப் பார்த்தவளுக்கு அம்மாவின் கண்ணைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

நர்ஸிடம் திரும்பி, "ஒரு ஊசியும் ஒரு குழாயும் குடுங்க" என்றாள். "இவங்களுக்கும் எடுக்கணும்."

"எனக்கு எதுக்குடி?" என்று கேட்டுக்கொண்டே அம்மா சட்டைக்கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினாள்.